வென்றவரின் கடமை

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பாக்தாத் நகரம் அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த சில நாள்களில் ஈராக் தேசிய அருங்காட்சியகத்திற்குள் புகுந்த கொள்ளையர், மெசபடோமிய நாகரிகத்தின் எச்சங்களான ஏறத்தாழ 15,000 அரும்பொருள்களைக் கவர்ந்து சென்றனர். தேசிய நூலகம் தீக்கிரையாயிற்று, மருத்துவமனைகளும் சூறையாடப்பட்டன. எண்ணெய் அமைச்சகத்திற்கோ அமெரிக்க வீரர்கள் காவல் நின்றனர். வந்தவர்கள் எதைக் காக்க விரைந்தனர், எதைக் கைவிட்டனர் என்பதைப் பாக்தாத் மக்கள் அந்த ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டனர்.

அயல்நாட்டுப் படையொன்று வேற்று மண்ணைத் தன் ஆளுகைக்குள் வைத்திருப்பதை ஆக்கிரமிப்பு என்பர். வழக்கில் இது வசைச்சொல். பன்னாட்டுச் சட்டத்திலோ ஒரு பொறுப்பின் பெயர். கைப்பற்றிய நாட்டில் பொது ஒழுங்கையும் மக்கள் பாதுகாப்பையும் இயன்றவரை மீட்டு நிலைநிறுத்த வேண்டும். தவிர்க்கவியலாத நிலையிலன்றி அந்நாட்டின் சட்டங்களை மதித்தே நடக்க வேண்டும் என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளுள் 43ஆவது விதி கூறுகிறது. மக்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கச் செய்வதையும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை கடமையாக்கியது. படை உள்ளே வந்தது முறையா, முறையன்றா என்னும் வழக்கு ஒருபுறம் நடக்கட்டும். வந்துவிட்ட அன்றே இக்கடமை தொடங்கிவிடுகிறது.

ஈராக் குறித்த விவாதங்களில் அறமும் உத்தியும் எப்போதும் தனித்தனி இருக்கைகளில் அமர்கின்றன. பாதுகாப்பு அவையின் வெளிப்படையான ஒப்புதலின்றி, பின்னர் எங்கும் கிடைக்காத பேரழிவு ஆயுதங்களைக் காரணங்காட்டித் தொடுத்த போர் தவறானது என்பது ஒரு சாரார் வாதம். நோக்கம் பிழையன்று, படையும் பணமும் போதவில்லை என்பது மறுசாரார் வாதம். அமெரிக்கத் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி, போருக்குப் பின் ஈராக்கில் பல இலட்சம் வீரர்கள் தேவைப்படுவர் என்று 2003 பிப்ரவரியிலேயே செனட் குழுவின் முன் கூறினார். பாதுகாப்புத் துறை அதனைப் புறந்தள்ளியது. இதனை உத்திப் பிழையாகவே பலரும் எழுதுகின்றனர். காக்கப் போதிய ஆளின்றி ஒரு நகரத்தின் காவலர்களை விரட்டுவது உத்திப் பிழை மட்டும்தானா?

2003 மே 22 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483ஆம் தீர்மானம், அமெரிக்காவும் பிரிட்டனும் ஆக்கிரமிப்பு அதிகாரம் பெற்ற நாடுகள் என்பதையும் அதற்குரிய கடமைகள் அவற்றுக்கு உண்டு என்பதையும் பதிவு செய்தது. மறுநாளே, இடைக்கால ஆட்சியின் தலைவர் பால் பிரெமர் ஈராக்கியப் படையைக் கலைக்கும் ஆணையில் ஒப்பமிட்டார். ஏறத்தாழ 4 இலட்சம் பேர், படைக்கலப் பயிற்சியோடும் பசியோடும் தெருவுக்கு வந்தனர். அதற்கு ஒரு வாரம் முன்னர் வெளியான முதலாம் ஆணை, பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியிருந்தது. பதவி உயர்வுக்காகக் கட்சியில் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் அதில் வேலையிழந்தனர். (கொடுங்கோலன் வீழ்ந்த நாட்டில் முதலில் திறக்க வேண்டியவை பள்ளிகள் அல்லவா?) கலைக்கப்பட்ட படைவீரர்களுக்குச் சில வாரங்கள் கழித்து உதவித்தொகை அறிவிக்கப்பட்டது; ஆனால், அவமதிப்பு அதற்குள் வேர்விட்டிருந்தது. 2014இல் மோசுல் நகரைக் கைப்பற்றிய ஐ.எஸ். அமைப்பின் தளபதிகளுள் பழைய ஈராக்கியப் படையின் அதிகாரிகள் பலர் இருந்தனர்.

ஆக்கிரமிப்பை ஆதரிப்போர் ஜப்பானைச் சுட்டுவர். 1945 முதல் 1952 வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்பு ஒரு மக்களாட்சியை விட்டுச்சென்றது உண்மையே. அங்கும் படை கலைக்கப்பட்டது. அங்கும் பலர் பதவி நீக்கப்பட்டனர். ஆனால், ஜப்பானியப் படையைக் கலைத்தவை ஜப்பானின் சொந்த அமைச்சகங்களே. பேரரசர் சரணடைவை அறிவித்தார். அமைச்சரவையும் அலுவலகங்களும் இயங்கிக்கொண்டிருக்க, அவற்றின் வழியாகவே மெக்கார்தர் ஆணையிட்டார். உழுதவனுக்கே நிலம் வழங்கிய சீர்திருத்தமும் ஜப்பானிய நாடாளுமன்றத்தின் சட்டமாகவே வந்தது. இருந்த நிருவாகத்தை இரு ஆணைகளால் பெயர்த்தெறிந்தவர்கள் ஜப்பானைச் சான்று காட்டுவது பொருந்தாது.

சதாம் உசேனின் ஆட்சியை மறந்துவிட்டுப் பேசுவதும் நேர்மையன்று. 1988இல் ஹலப்ஜா என்னும் குர்தியர் நகரின்மீது வீசப்பட்ட நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அந்த ஆட்சி வீழ்ந்தபோது மகிழ்ந்த ஈராக்கியர் பலர். அவர்களின் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால், கொடுங்கோலனை அகற்றிய பெருமை, அடுத்த நாளின் காவலுக்கு ஈடாகாது. சதாமின் கொடுஞ்சிறையாக விளங்கிய அபு கிரைப் சிறையிலேயே கைதிகளை அமெரிக்கக் காவலர்கள் வதைத்த படங்கள் 2004 ஏப்ரலில் வெளியானபோது, விடுதலை என்னும் சொல்லுக்கு ஈராக்கில் எஞ்சியிருந்த மதிப்பும் போயிற்று. வீரர்களின் எண்ணிக்கையைக் கூட்டி அதனை மீட்க முடியாது.

ஈராக்கின் மண் இந்தியாவுக்குப் புதிதன்று. முதல் உலகப்போரில் ஆயிரக்கணக்கான இந்திய வீரர்கள் மெசபடோமியாவில் மடிந்தனர். 1917இல் பாக்தாத்தைக் கைப்பற்றிய பிரிட்டிஷ் தளபதி மோட், தாம் வென்றடக்க வரவில்லை, விடுவிக்கவே வந்ததாக அறிக்கை விடுத்தார். மூன்றே ஆண்டுகளில் நாடு கிளர்ந்தெழுந்தது. அதனை ஒடுக்கவும் இந்தியப் படைகளே அனுப்பப்பட்டன. 2003 கோடையில் ஏறத்தாழ 17,000 வீரர்களை அனுப்புமாறு அமெரிக்கா கேட்டபோது, புதுதில்லியில் கடும் விவாதம் எழுந்தது. வல்லரசின் நட்பும் மறுசீரமைப்புப் பணிகளில் பங்கும் கிட்டும் என்றனர் ஒரு சாரார். மக்களவை ஏப்ரலிலேயே அப்போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணையின்றிப் படை அனுப்புவதில்லை என முடிவு செய்தது. ஜோர்டானுடன் இணைந்து நஜாப் நகரில் ஒரு மருத்துவமனை அமைக்கும் திட்டத்தையும் அன்றே அறிவித்தது.