பனிக்காலப் பொலிவும் பெயரற்ற ஒரு டப்பாவும்

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், நம் கடலோர ஊர்களில் வீட்டுக்குள் ஒரு மந்தம் வந்து குடியேறிவிடுகிறது. சரியாகக் காயாத துணிகளின் வாடை, வெடித்த உதடுகள், ஃபஜ்ருக்கு எழும்போது உடலை அழுத்தும் சோம்பல். அந்த மந்தத்தைப் போக்கிக்கொள்ள இந்தப் பனிக்காலத்தில் நாம் சிறிது செலவு செய்தோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அலங்காரத்துக்குக் காசு செலவழிப்பதையே குற்றமாகக் கருதும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஆடையும் காலணியும் அழகாயிருக்க வேண்டும் என ஒருவர் விரும்புவது பெருமையாகிவிடுமா என்று வினவப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவ்விருப்பத்தைப் பெருமை என்று சொல்லவில்லை. உண்மையை ஏற்க மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என விளக்கினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இச்செய்தியின் முற்பகுதியை நாம் விரும்பி நினைவுகூர்கிறோம். பிற்பகுதிக்கு இக்கட்டுரையில் திரும்ப வேண்டியிருக்கிறது.

வாங்கியவை பெரிய பொருட்களல்ல. கிளிசரின் ஒரு புட்டி, பன்னீர் ஒரு புட்டி, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், உதட்டுக்குத் தேன்மெழுகு. நாளொன்றுக்கு ஐந்து முறை ஒளூச் செய்யும் கைகால்கள் பனிக்காலத்தில் விரைவில் வறண்டுவிடுகின்றன. குதிகால் வெடிப்பதும் அதனால்தான். நாம் கண்ட எளிய வழி, தொழுகை முடிந்ததும் ஈரம் முற்றிலும் காய்வதற்குள் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்துவிடுவது. கிளிசரினை அப்படியே பூசாமல் பன்னீரில் கலந்து பூச வேண்டும். தனியாகப் பூசினால் சிலருக்கு எரிச்சலே மிஞ்சும்.

இவற்றோடு ஓர் ஆடம்பரமும் உண்டு: கன்னோஜிலிருந்து வந்த சிறு குப்பி மண் அத்தர். உத்தரப் பிரதேசத்தின் அந்த ஊரில் சுட்ட மண்ணைச் செப்புக் கலத்தில் இட்டு வடித்து இதை எடுக்கிறார்கள். முதல் மழை பட்ட தரையின் வாசம் அப்படியே எழுகிறது. வெளியே பூசிச் செல்வதற்கன்று. இரவில், வீட்டுக்குள், நமக்காக.

இந்த மகிழ்ச்சியோடு கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் அதே வாரம் நம் லாத்தாவின் மகளுடைய அலமாரியில் ஒரு வெள்ளை டப்பாவைக் கண்டோம். தை மாதம் அவளுக்கு நிக்காஹ். டப்பாவின் மேல் ஒரு பெண்ணின் முகம், புரியாத மொழியில் சில சொற்கள். தயாரித்தவர் பெயரில்லை, முகவரியில்லை, சேர்மானங்களின் பட்டியல் இல்லை. இரண்டு மாதங்களாக இரவுதோறும் பூசி வந்திருக்கிறாள். “பத்தே நாளில் வெளுத்துவிட்டது சாச்சி” என்று அவள் சொன்னபோது நமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை; அச்சமே உண்டாயிற்று.

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கும். விரைவில் வெளுக்கச் செய்யும் மலிவான பூச்சுகளில் அதைச் சேர்ப்பது இதற்காகவே. அவ்வாறு சேரும் பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுப் பூச்சு பயன்படுத்தியவர்கள். பெரும்பாலோருக்குப் பூச்சை நிறுத்திய பின் நோய் தணிந்தது என்பது ஆறுதல்.

பூசுபவரோடும் இது முடிவதில்லை. பாதரசம் ஆவியாகும், துவாலையிலும் தலையணை உறையிலும் ஒட்டும், அதே வீட்டில் தவழும் குழந்தையையும் சேரும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினாமாட்டா உடன்படிக்கை, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பூச்சுகளை 2020உடன் நிறுத்தச் சொன்னது. 2023இல் கூடிய நாடுகள் அந்தச் சிறு வரம்பையும் நீக்கி, 2025க்குள் முற்றாக ஒழிக்க முடிவு செய்தன. ஆயினும் வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளிலும், பேன்சி ஸ்டோர்களின் கண்ணாடிப் பேழைகளிலும், அலைபேசி விளம்பரங்களிலும் இத்தகைய பெயரற்ற டப்பாக்கள் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பாதரசம் இல்லாத வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அதைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் எழும். பயந்துபோன பெண் மீண்டும் அதையே வாங்குவாள்.

கடைக்காரரைக் குறை கூறி நாம் ஒதுங்கிவிட முடியுமா? அந்த டப்பாவுக்குக் காசு கொடுத்தது லாத்தாதான். லாத்தாவை அதற்குத் தூண்டியது பெண் பார்க்க வந்த வீட்டில் விழுந்த ஒரு சொல்: “பிள்ளை லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம் மட்டு.” இச்சொல்லைக் கேளாத பெண் நம் குடும்பங்களில் எத்தனை பேர்? நாமும் சொல்லியிருக்கிறோம். தம்பிக்குப் பெண் தேடிய நாட்களில், வந்த புகைப்படங்களை நிறம் பார்த்தே இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தவர்கள் நாம். அது நினைவுக்கு வரும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஜும்ஆ பயானில் பிலால் (ரலி) அவர்களின் சிறப்பைக் கேட்டுக் கண்கலங்குகிறோம். வீடு திரும்பியதும் தரகரிடம் பெண் சிவப்பா என்று விசாரிக்கிறோம். மேலே சொன்ன நபிமொழியின் பிற்பகுதி, மக்களை இழிவாகக் கருதுவதே பெருமை என்னும் பகுதி, இவ்விடத்தில் நம்மைத்தான் குறிக்கிறது. பெண்ணின் அலங்கார மேசையில் பெருமையைத் தேடுகிறவர்கள், அதைப் பெண் பார்க்கும் கூடத்தில் தேட வேண்டும்.

டப்பாவை இறுக மூடி, உறையிலிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றோம். சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பூச்சை அன்றோடு நிறுத்தச் சொன்னார். சில வாரங்களில் பழைய நிறம் திரும்பும் என்றார். அதைக் கேட்டுத்தான் பிள்ளை அழுதாள். சிறுநீரகத்துக்காக அவள் அழவில்லை.

அந்த வாரங்களை எப்படிக் கடத்துவது என்பதே எங்கள் கவலையாயிற்று. புத்தகங்கள் கைகொடுத்தன. பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதி, தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் பெயர்த்த ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்பை வாங்கியிருந்தோம். 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. பன்னிரண்டு கதைகள். கர்நாடகத்து முஸ்லிம் பெண்களின் வீடுகள் அவை என்றாலும், அந்த அடுக்களைகளுக்குள் நுழைய நமக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. இரவு இஷாவுக்குப் பின் ஒரு கதையாக நாம் படிக்க, அவள் கேட்டாள். நான்காம் நாள் முதல் அவளே படித்தாள். நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார், உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை தந்தார் என்பதை அவளிடம் சொன்னபோது நம்பவே மறுத்தாள். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் வளர்த்திருக்கிறோம்.

உடையிலும் ஒரு மாற்றம். கறுத்த மேனிக்குப் பளிச்சென்ற நிறம் பொருந்தாது என்று யாரோ சொல்லி வைத்ததை நம்பி, வெளிறிய ரோசாவும் சாம்பலுமாகவே அவள் உடுத்தி வந்தாள். அவளைத் துணிக்கடைக்கு அழைத்துச் சென்று கடுகு மஞ்சளில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்தோம். அதன் மேல் போர்த்த அரக்கு நிறச் சால்வை. மாநிறத்தில் கடுகு மஞ்சள் எரியும் அழகை வெளிர்ந்த மேனியில் காண முடியாது என்பது நம் கருத்து. மறுப்பவர்கள் ஒருமுறை உடுத்திப் பார்க்கட்டும். மருதாணியும் அவள் கையில்தான் செம்மரக் கட்டை போல ஆழ்ந்து பிடித்தது.

சென்ற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து அத்தையார் பலகாரத்தோடு வந்தார். பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “போன தடவைக்கு இப்ப நிறம் கொஞ்சம் மங்கினாப்புல இருக்கே” என்றார். அவள் தலை கவிழ்ந்தது. நாம் வாய் திறப்பதற்குள் லாத்தா முந்திக்கொண்டார்:

“அவ நிறமே இதுதான் மச்சி. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”