யானைக்கு டிரான்ஸ்பர் ஆர்டர்!

அரசு ஊழியர் ஒருவரால் ஒரு ஊரில் தொல்லை என்றால் என்ன செய்வார்கள்? வேறு ஊருக்கு டிரான்ஸ்பர். தொல்லை தீர்ந்ததா? இந்த ஊருக்குத் தீர்ந்தது, அந்த ஊருக்கு ஆரம்பித்தது! யானை விஷயத்திலும் வனத்துறைகள் இதே ஃபார்முலாவைத்தான் வைத்திருக்கின்றன. அந்த ஃபார்முலாவின் விலையை ஒரு கோடையில் கொடுத்தவர்கள் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள்.

காமயகவுண்டன்பட்டி என்றால் தேனி மாவட்டத்துக்காரர்களுக்குத் திராட்சைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்தான். அதே ஆண்டு மே மாதக் கடைசியில், ராத்திரி மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகவே ஆட்கள் பயந்தார்கள். காரணம், அரிக்கொம்பன். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் இடுக்கி மாவட்டம் சின்னக்கானலில் அதற்கு வந்த பெயர் அது.

நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தாலே கதை புரிந்துவிடும்.

2023 ஏப்ரல் 29: சின்னக்கானலில் கேரள வனத்துறை மயக்க ஊசி போட்டுப் பிடிக்கிறது. கழுத்தில் ரேடியோ காலர். மறுநாள் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்படுகிறது.
மே 27: கம்பம் டவுனுக்குள் யானை! 144 தடை உத்தரவு. பைக்கில் வந்த ஒருவர் யானை தாக்கிக் காயமடைந்து, சில நாட்களில் இறந்துபோகிறார்.
ஜூன் 5: தமிழக வனத்துறை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடிக்கிறது. மறுநாள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாறு பகுதியில் விடப்படுகிறது.
செப்டம்பர்: மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் நடமாட்டம். பிறகு காட்டுக்குள் திரும்புகிறது.

ஆறு வாரத்துக்குள் இரண்டு மயக்க ஊசி, இரண்டு லாரிப் பயணம், ஒரு மனித உயிர். சின்னக்கானலின் பிரச்சினைக்குக் கம்பத்துக்காரர் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்?

"யானை இப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்பார்கள். தெரியும் சார், பதினோரு வருடம் முன்பே தெரியும்! இலங்கையில் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும், தொல்லை கொடுக்கிறது என்று இடம் மாற்றப்பட்ட 12 ஆண் யானைகளுக்கு ஜி.பி.எஸ். காலர் மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லா யானைகளும் தேசியப் பூங்காக்களில்தான் விடப்பட்டன. இரண்டு அங்கேயே கொல்லப்பட்டன. மற்ற அத்தனையும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பிடிபட்ட இடத்துக்கே திரும்பி நடந்தன. சில கண்ட இடமெல்லாம் அலைந்தன. சில மட்டும் புது இடத்தில் நிலைத்தன. மனித-யானை மோதல் குறையவில்லை. பரவியது, கூடியது, யானைகளின் சாவும் கூடியது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு.

இதில் மர்மம் எதுவும் இல்லை. இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமார் 1980-களிலேயே சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் மலைப் பக்கம் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர். பயிருக்குள் அதிகம் இறங்குவது ஆண் யானைகள்தான் என்று அவர் எடுத்துக் காட்டினார். காட்டுப் புல்லைவிடப் பயிரில் சத்து அதிகம். அதற்காக அவை ஆபத்தைத் துணிந்து ஏற்கின்றன. அரிசி ருசி கண்ட யானையை லாரியில் ஏற்றி இறக்கினால் அந்த ருசியும் சின்னக்கானலிலேயே இறங்கிவிடுமா என்ன?

சரி, கம்பத்திலாவது பாடம் படித்தார்களா? 2024 பிப்ரவரியில் வயநாடு மானந்தவாடி டவுனுக்குள் வந்த தண்ணீர்க் கொம்பன், கர்நாடகாவில் பிடித்துக் காலர் மாட்டி விடப்பட்ட யானை. மறுபடி மயக்கிப் பந்திப்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே செத்துப்போனது. அடுத்த வாரமே அதே மானந்தவாடிப் பக்கம், அதேபோலக் காலர் மாட்டி விடப்பட்ட பேலூர் மக்னா ஒரு மனிதரைக் கொன்றது. ஒரு பேரேட்டிலிருந்து இன்னொரு பேரேட்டுக்கு மாற்றி எழுதினால் கடன் அடைந்துவிடாது. வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

"யானைக்கு வக்காலத்து வாங்குகிறவன் ராத்திரித் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறானா?" என்ற கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வால்பாறையில் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமார் அங்கே வருடக்கணக்காக யானைகளையும் மனிதர்களையும் சேர்த்தே கவனித்தார். இருட்டில் எதிர்பாராமல் நேருக்கு நேர் மாட்டிக்கொள்வதால்தான் பெரும்பாலான சாவுகள் நேர்கின்றன என்று தெரிந்தது. யானை எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குச் செய்தி, கேபிள் டி.வி.யில் அறிவிப்பு, மேட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி எரியும் சிவப்பு விளக்கு. அவ்வளவுதான்! பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சாவுகள் குறைந்தன.

தோட்டத்துக்குப் போகிற மனிதனுக்கு முதலில் தேவை, 'இன்றைக்கு அந்தப் பக்கம் போகாதே' என்ற ஒரு வரிச் செய்தி. யானையின் கழுத்தில் கிடக்கிற காலர் அந்த வரியை அவர் செல்போனுக்குத் தரவில்லை என்றால், அது எதற்கு? அடுத்த தடவை பிடித்து ஏற்றுவதற்கு மட்டுமா?

மேல்கோதையாறில் அரிக்கொம்பன் நிலைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது லாட்டரியில் விழுந்த பரிசு, கொள்கை அல்ல. யானைக் காட்டில் குடியிருப்பு போடாமல் இருப்பது, ரேஷன் அரிசியை உடைக்க முடியாத கட்டடத்தில் வைப்பது, அழிந்த பயிருக்கு அலையவிடாமல் பணம் கொடுப்பது, வால்பாறை மாதிரி முன்னெச்சரிக்கை கொடுப்பது... இவைதான் கொள்கை. இவற்றில் டி.வி.க்காரர்கள் நேரலை செய்வதற்கு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கும்கியும் லாரியும்தான் முதலில் வருகின்றன.

அடுத்த டிரான்ஸ்பர் ஆர்டரில் எந்த ஊர்ப் பெயர் இருக்குமோ? காமயகவுண்டன்பட்டிக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். நீங்களும் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.