கம்ப்ரசர் வண்டியும் ஒரு சின்ன புஷ்ஷும்

பேங்க்காரனுக்கு பாறை துளைக்கிற மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான், நான் படித்தது பி.காம். ஆனால் தாதரில் லோன் ஸீட்டில் உட்கார்ந்தால் ஊர்க் கதையெல்லாம் தேடி வரும். "சார், ஊர்ல தம்பிக்குக் கம்ப்ரசர் வண்டி எடுத்துத் தரணும், என் சம்பளத்துல லோன் கிடைக்குமா?" என்று வருகிற நம்மவர்கள் நிறைய. கிணறு வெட்டு, கல் உடைப்பு என்று ஊரில் வேலைக்குப் பஞ்சமில்லை.

எல்லோரும் டிராக்டர், கம்ப்ரசர், ஜாக்ஹாமர் விலையைக் கூட்டி எடுத்து வருகிறார்கள். தேய்கிற சாமானுக்கு ஒரு பைசா ஒதுக்கியிருக்காது. அது தப்பு என்பது என் கட்சி.

ஜாக்ஹாமரின் முன்பக்கம் சக் புஷ் என்று ஒன்று உண்டு. துளைக்கும் ராடின் அறுகோண வால் (அதிகம் புழங்குவது 22 மி.மீ.) இதற்குள்தான் உட்காரும். உள்ளே பிஸ்டன் நிமிஷத்துக்குச் சுமார் 2000 தடவை அந்த வாலில் அடிக்கும். புஷ் சரியாக இருந்தால் அடி முகம் முழுக்கப் படும். மூலை மழுங்கிவிட்டால் ராடு ஆடும், அடி ஓரத்தில் விழும். பிஸ்டன் முகம் சில்லு சில்லாகப் பெயரும், ராடின் வால் முறியும். அது முறிகிற நேரம் கிணற்றுக்குள் மெஷினைப் பிடித்து நிற்பவர் நம் தம்பியோ, கூலிக்கு வந்தவரோ. சுரங்கத்தில் ஓடும் பெரிய ஹைட்ராலிக் டிரில்லிலும் இதே கதைதான். 2001-ல் மூடும் வரை கோலார் தங்கவயலில் வேலை பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

தேய்வதற்கென்றே இருக்கிற சாமான் அது. அதை மாற்றாமல் ஓட்டுவதைச் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். புஷ் சில நூறு ரூபாய், பிஸ்டன் அதைப்போல் பல மடங்கு. வண்டி நின்றாலும் இ.எம்.ஐ. தேதி நிற்காது.

தாதரில் சென்ட்ரல் லைன் ஸ்லோ வண்டி பிடித்து மஸ்ஜித்தில் இறங்கினால் நாக்தேவி தெரு, பேரிங்கும் டூல்ஸும் விற்கிற கடைகள். கம்பெனிப் பெயர் போடாத சரக்கெல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். அளவும் இரும்பின் பதமும் சரியாக இருந்தால் போதும். ஆனால் தேய்ந்த புஷ்ஷைக் காட்டி "இதே மாதிரி கொடு" என்று மட்டும் கேட்காதீர்கள் அண்ணாச்சி, தேய்ந்த அளவைத்தானே அது காட்டும்! மெஷின் மாடலையும் பார்ட் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள். லைன் ஆயிலரில் எண்ணெய் இல்லாவிட்டால் ஒரிஜினல் புஷ்ஷும் நிற்காது, இதைத் தம்பிக்குப் போனில் சொல்லிவிடுங்கள்.

பில் வாங்குவது முக்கியம். கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் மெஷினுக்கு வருடம் 15 சதவீதம் தேய்மானம் என்று இழுபடும். புஷ் அந்த வருடத்து ரிப்பேர் செலவாக முழுசாகக் கழியும்.

முன்பணத்துக்கே சேமிப்பைத் துடைத்துப் போட வேண்டாம் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். முடிந்தால் கொஞ்சம் சின்ன வண்டியாக எடுங்கள். ஒரு ஜாக்ஹாமருக்கு இரண்டு புஷ்ஷாவது வண்டிப் பெட்டியில் கிடக்கட்டும். நாக்தேவிக்கு சனிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு.