பிஸ்டன் தள்ளும் கருவிக்கு காப்புரிமை கிடைக்குமா?

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நல்ல மனுஷனுக்கு தேவையில்லாம ஆசை காட்டிட்டேன். அதுக்குப் பிராயச்சித்தமாத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் கிரீஸ், கொஞ்சம் சட்டம், ரெண்டும் கலந்து வரும். பொறுத்துக்கோங்க மக்களே.

கோவையில கணபதி பக்கம் பட்டறை வச்சிருக்கற மெக்கானிக் அண்ணா ஒருத்தர். மாமாவோட பெரிய வண்டிக்கு பிரேக் பேட் மாத்தறதுக்காக அவர்கிட்ட போயிருந்தேன்.

டிஸ்க் பிரேக் பத்தி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெடலை மிதிச்சா பிரேக் ஆயில் போய் கேலிப்பருக்குள்ள இருக்கற பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், பேடு டிஸ்க்கைக் கவ்வும். காலை எடுத்தா பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரப்பர் சீல் அதை ஒரு துளி பின்னால இழுத்துக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்து அங்கயே நின்னுக்கும். இப்ப புது பேடு போடணும். அது தடிமனா இருக்கும், உள்ள நுழையாது. அதனால முதல்ல பிஸ்டனைப் பழைய இடத்துக்குத் தள்ளணும்.

இதுக்கு பெரும்பாலான பட்டறையில ஜி-கிளாம்ப் போடுவாங்க. அதுவும் இல்லாத இடத்துல பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவாங்க. பிஸ்டன் கோணலா போனா சீல் போச்சு. டப்பாவுல ஆயில் நிறைய இருந்தா பொங்கி வழியும், பாடியில பட்டா பெயிண்ட்டையும் தின்னுடும். எதிரெதிரா பிஸ்டன் இருக்கற கேலிப்பர்ல இன்னொரு தொல்லை. ஒரு பக்கம் தள்ளினா எதிர்ப்பக்கம் வெளிய வந்து எட்டிப் பார்க்கும்.

அண்ணா இதுக்குன்னு சொந்தமா ஒரு கருவி செஞ்சு வச்சிருந்தார். 10 மி.மீ. தடிமன்ல ரெண்டு இரும்பு பிளேட். நடுவுல ஒரு திருகு, பாதி வலது மரை, பாதி இடது மரை. ராட்செட் ஸ்பேனரால திருப்பினா ரெண்டு பிளேட்டும் ஒரே அளவுல விரியும், ரெண்டு பக்க பிஸ்டனும் ஒண்ணா உள்ள போகும். ஒரு பிளேட்டுக்குப் பின்னால ஒரு உருண்டை மூட்டு இருக்கு. பிஸ்டன் லேசா சாஞ்சிருந்தாலும் பிளேட் தானா அதோட முகத்துல படிஞ்சுக்கும். முகத்துல கீறல் விழாம இருக்க பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒட்டியிருக்கார். நாலு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது.

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "அண்ணா, இதை பேடண்ட் பண்ணுங்க. கம்பெனிக்காரன் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான்"னு சொல்லிட்டேன். மனுஷன் முகத்துல ஒரு வெளிச்சம். பையன் காலேஜ் ஃபீஸ் வரைக்கும் பேச்சு போயிடுச்சு.

அப்புறம்தான் உக்காந்து சட்டத்தைப் படிச்சேன். (எப்பவுமே ரிவர்ஸ் ஆர்டர்தான் நமக்கு.)

இந்தியாவுல காப்புரிமைச் சட்டம் 1970. அது கேக்கறது மூணு விஷயம். புதுசா இருக்கணும். தொழில்ல பயன்படணும். அந்தத் தொழில் தெரிஞ்ச ஆளுக்கு சாதாரணமா தோணாத ஒரு படி அதுல இருக்கணும். கருவி சின்னதா பெருசா, ராக்கெட்டா ஸ்பேனரான்னு சட்டம் பாக்கறதே இல்லை. அதனால "போயும் போயும் ஒரு கைக்கருவிக்கா"ன்னு சிரிக்கறது தப்பு.

அமெரிக்காவுல பீட்டர் ராபர்ட்ஸ்னு ஒரு பையன். சியர்ஸ் கடையில வேலை பாத்தவர், ஒரு பட்டனை அழுத்தினா சாக்கெட் கழண்டு வர்ற மாதிரி ராட்செட் செஞ்சார். 1965-இல் காப்புரிமை கிடைச்சுது. பெரிசா போகாதுன்னு சொல்லி சியர்ஸ் அதை 10,000 டாலருக்கு முடிச்சுது, அப்புறம் லட்சக்கணக்குல வித்துது. அவர் வழக்கு போட்டார். 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது எல்லாருக்கும் தோணக்கூடியதுதானாங்கற கேள்வியையே மறுபடி விசாரிக்கச் சொல்லிடுச்சு. கடைசியில 1989-இல் 82 லட்சம் டாலருக்கு சமரசம். ஒரு பட்டன், இருபது வருஷ வழக்கு!

சரி, நம்ம அண்ணா கருவிக்கு வருவோம். ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம்.

ரெண்டு பக்க மரை? டர்ன்பக்கிள்ல காலங்காலமா இருக்கு. ராட்செட்? சொல்லவே வேண்டாம். பெல்ட் துண்டு? வைஸ்ல பிடிக்கும்போது அடிபடாம இருக்க எதையாவது வைக்கறது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும். நான் ரொம்ப நம்பினது அந்த உருண்டை மூட்டைத்தான். ஆனா ஜி-கிளாம்ப் நுனியில ஆடுற அந்த வட்டத் தட்டைப் பாருங்க. அதே வேலைதான்.

"தனித்தனியா பழசு, சேர்த்தது புதுசாச்சே"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. தெரிஞ்ச சாதனங்களைச் சும்மா பக்கத்துல பக்கத்துல அடுக்கி வச்சா காப்புரிமை இல்லைன்னு பிரிவு 3(எஃப்) சொல்லுது. இங்க பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு சேர்ந்துதான் வேலை செய்யுது, அதனால இந்தப் பிரிவுல இருந்து தப்பிச்சுடலாம்னு வச்சுக்குவோம். ஆனா அடுத்த கேள்வியில மாட்டிக்குவோம். இப்படி சேர்க்கணும்னு ஒரு நல்ல மெக்கானிக்குக்குத் தோணாதா?

இதுக்கு நம்ம உச்ச நீதிமன்றமே 1978-இல் வழி சொல்லியிருக்கு. பிஸ்வநாத் பிரசாத் வழக்கு. பாத்திரத்தை லேத்துல பிடிச்சுக் கடையற முறைக்கு மிர்சாபூர் பாத்திரக் கம்பெனி ஒண்ணு வாங்கியிருந்த காப்புரிமை செல்லாதுன்னு தீர்ப்பாச்சு. பட்டறையில வேலை செய்யறவன் செய்யக்கூடிய சாதாரண மேம்பாடு மட்டும் போதாது, அதுக்கு மேல ஏதாவது இருக்கணும்ங்கறதுதான் சாரம். 2007-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கே.எஸ்.ஆர். வழக்குல, காரோட பெடல் விஷயத்துல, கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுச்சு. தொழில் தெரிஞ்சவன் ஒண்ணும் எந்திரம் இல்ல, அவனுக்கும் கற்பனை உண்டு.

எனக்கு இந்தத் தீர்ப்புகள் பிடிச்சிருக்கு. "செஞ்சு காட்டினதுக்கு அப்புறம் எல்லாமே சுலபமாத்தான் தெரியும்"ங்கற வாதம் எனக்கும் புரியுது. ராபர்ட்ஸ் கதையில என் மனசும் அந்தப் பையன் பக்கம்தான். ஆனா காப்புரிமைங்கறது பாராட்டுப் பத்திரம் இல்லீங்க. மத்த எல்லாரையும் 20 வருஷம் தடுக்கற அதிகாரம். பட்டறைகள்ல இந்த மாதிரி சின்னச் சின்ன யுக்தி தினமும் பொறக்குது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலி போட்டா, வேலியை வாங்கறது கணபதி மெக்கானிக்கா இருக்க மாட்டார். வக்கீல் வச்சிருக்கற கம்பெனியாத்தான் இருக்கும். தனி நபருக்கு ஆன்லைன்ல விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய். இது பெரிய காசு இல்ல. கோரிக்கைகளை ஒழுங்கா எழுதித் தர ஆள் பிடிக்கறதும், யாராவது காப்பியடிச்சா கோர்ட்டுக்கு அலையறதும்தான் செலவு.

இன்னொண்ணும் இருக்கு. அண்ணா ரெண்டு வருஷமா எல்லார் கண்ணு முன்னாடியும் இதை வச்சு வேலை பாக்கறார். பக்கத்துப் பட்டறைக்காரங்களுக்கு நாலு செஞ்சும் கொடுத்திருக்கார். அதோட புதுமை போச்சு. தோணாத படி இருந்திருந்தாக்கூட இனி கிடைக்காது.

போன ஞாயித்துக்கிழமை போய் எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. கையைத் துடைச்சுக்கிட்டே, "பணம் வராட்டி போச்சாது தம்பி. நாளைக்கு எவனாவது இதைப் பதிஞ்சுட்டு, நீ செய்யக் கூடாதுன்னு வந்து நின்னா?"ன்னு கேட்டார். டூல்ஸ் ஏவாரி ஒருத்தர் போன மாசம் வந்து நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டுப் போனாராம்.

பகீர்னுச்சு. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். காப்புரிமை வாங்கலாமான்னு மட்டுமே யோசிச்சேன். இன்னொருத்தன் வாங்கிடுவானேன்னு யோசிக்கலை.

வழி இருக்கு. விண்ணப்பம் வெளியான பிறகு, காப்புரிமை கொடுக்கறதுக்கு முன்னால, யார் வேணும்னாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம், பிரிவு 25. (2024-இல் திருத்தின விதிகள் இதுக்கும் கட்டணம் வச்சிருச்சு. மனு ஏத்துக்கத் தக்கதான்னு முதல்ல பாப்பாங்க.) கொடுத்த பிறகும் ஒரு வருஷத்துக்குள்ள, அதனால பாதிக்கப்படறவர் எதிர்க்கலாம். ஆனா "நாங்க முன்னாடியே செஞ்சோம்"னு வாயால சொன்னா போதாது, தேதியோட ஆதாரம் வேணும். நம்ம பட்டறைகள்ல இல்லாதது அதுதான். பில்லு கிடையாது, வரைபடம் கிடையாது, எல்லாம் கையிலயும் கண்ணுலயும் இருக்கு.

அதனால ரெண்டு காரியம் செஞ்சோம். இரும்பு வாங்கின பழைய ரசீது, லேத்துக்காரர் கணக்கு நோட்டு, கருவி வாங்கின நாலு பேரோட கையெழுத்து, எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டாச்சு. ரெண்டாவது, அண்ணா சம்மதத்தோட கருவியோட அமைப்பை இங்க எழுதிட்டேன். மேல நாலு வரியில படிச்சீங்களே, அதேதான். இனிமே யாராவது அதையே புதுசுன்னு சொல்லிட்டு வந்தா, இந்தப் பக்கத்தையும் தேதியையும் எடுத்துக் காட்டலாம்.

உங்க ஊர் பட்டறையிலயும் இப்படி ஏதாவது ஒரு கருவி இருக்கும். செஞ்சவர்கிட்ட முதல்ல கேளுங்க. காப்புரிமை வாங்கற உத்தேசம் அவருக்கு இருந்தா வெளிய மூச்சு விடாதீங்க, விண்ணப்பம் போட்ட பிறகு பேசிக்கலாம். இல்லைன்னா படத்தோட, அளவோட, தேதியோட எழுதி வைங்க.

என்னை மாதிரி மொதல்ல ஆசை மட்டும் காட்டிடாதீங்க :-(