மௌனம் காக்கும் மைதானம்



விளையாட்டரங்கு என்றதும் நம் செவியில் முதலில் ஒலிப்பது ஆரவாரமே. கூட்டம் பெருகினால் கூச்சலும் பெருகும் என்பது உலகறிந்த கணக்கு. இக்கணக்கிற்கு அடங்காத அரங்கம் ஒன்று அயர்லாந்து நாட்டின் லிமரிக் நகரில் உள்ளது. தோமண்ட் பார்க் என்பது அதன் பெயர். மன்ஸ்டர் மாகாணத்து ரக்பி அணி தன் சொந்த வீடாகக் கருதும் இடம் அது.

ரக்பியை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். பந்து முட்டை வடிவானது; அணிக்குப் பதினைவர்; ஆட்டம் 80 நிமிடங்கள். பந்தைக் கையிலேந்தி முன்னே ஓடலாம். தோழனுக்கு எறிவதாயின் பின்னோக்கியே எறிதல் வேண்டும். எதிரியின் எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினால் 5 புள்ளிகள். பின்னர் அதனை இரு கம்பங்களுக்கிடையே உதைத்துச் செலுத்தினால் மேலும் 2.

புதிய பருவத்தின் முதல் ஆட்டம் சொந்தத் திடலில் நிகழும் நாள் லிமரிக்கில் ஏறக்குறையத் திருநாளே. ரசிகர் செந்நிறச் சட்டை அணிந்து, கழுத்தில் செந்துண்டு சுற்றிப் புறப்படுகிறார். கம்பங்களுக்குப் பின்னுள்ள படிகளுக்குக் கூரை இல்லையாதலால், வெயிலடித்தாலும் மழையங்கியை மறப்பதில்லை. ஷானன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் ஒரு கரையில் ஜான் மன்னரின் கோட்டை. மறு கரையில் 1691-ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவூட்டும் கல். அயர்லாந்தின் பிற நகரங்களில் ரக்பி பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் பயின்ற வசதியுள்ளோரின் ஆட்டமாயிருந்தது. லிமரிக்கிலோ துறைமுகத் தொழிலாளியும் மருத்துவரும் தோளோடு தோள் உரசி நின்றனர். எதிரணியின் ரசிகருக்கெனத் தனி வேலி கிடையாது. அவரும் அருகிலேயே அமர்கிறார்.

இனி அந்த மௌனத்திற்கு வருவோம். கம்பங்களை நோக்கி உதைப்பதற்காக வீரர் பந்தைத் தரையில் நிறுத்துகிறார். அக்கணமே, ஏறத்தாழ 25,000 பேர் கொள்ளும் அரங்கம் வாயடைத்துப் போகிறது. உதைப்பவர் நம்மவரா, அயலாரா என்ற பேதம் இல்லை. அறியாமல் எவரேனும் குரலெழுப்பினால் சுற்றியுள்ளோரே அவரை அடக்குவர். இது மரியாதையா, அன்றி எதிரியை நடுங்க வைக்கும் தந்திரமா என்று வினவுவோர் உண்டு. கூச்சலைக் காட்டிலும் அந்நிசப்தமே தம்மை அச்சுறுத்தியது என உரைத்த வீரர்களும் உளர். இரண்டுமே உண்மையாயிருக்கலாம், ஆயினும் ஒரு பெருங்கூட்டம் தன் நாவைத் தானே கட்டுப்படுத்துவது எளிய காரியமன்று.

இத்திடலில் 31.10.1978 அன்று மன்ஸ்டர் அணி, புகழ்மிக்க நியூசிலாந்து அணியை 12-0 எனத் தோற்கடித்தது. அந்தச் சுற்றுப்பயணத்தின் 18 ஆட்டங்களுள் நியூசிலாந்து தோற்றது இது ஒன்றே. பார்த்தவர் சுமார் 12,000 பேர். பார்த்ததாகச் சொல்லிக்கொள்வோர் அதனினும் பன்மடங்கு என்று ஊரார் இன்றும் நகைப்பர்.

அன்று ஆடியவர்களுள் பிரெண்டன் ஃபோலி ஒருவர். அவர் மகன் அந்தோணி ஃபோலி பிற்காலத்தில் மன்ஸ்டரின் தலைவராகி, 2006-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பின்னர் தலைமைப் பயிற்சியாளருமானார். 2016 அக்டோபர் 16 அன்று, அணியுடன் பாரிஸ் சென்றிருந்தபோது, உறக்கத்திலேயே உயிர் நீத்தார். வயது 42. ஆறு நாள் கழித்துத் தோமண்ட் பார்க்கில் ஆட்டம். ரக்பியில் எண் ஆளுக்குரியதன்று, இடத்திற்குரியது. ஃபோலி ஆடிய இடத்தின் எண் 8. அன்று அவ்வெண்ணை எவரும் அணியவில்லை. அவ்விடத்தில் ஆடியவர் 24 என்ற எண்ணைத் தாங்கி வந்தார். மன்ஸ்டர் வென்றது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வட்டமாய் நின்று பாடினர். நடுவில் ஃபோலியின் இரு புதல்வர்கள்.

ஆகவேதான் ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அவ்வூரார் புள்ளிக் கணக்கைக் காண மட்டும் செல்வதில்லை. தாத்தா நின்ற படியில் பேரன் நிற்கிறான். எப்பொழுது கத்த வேண்டும், எப்பொழுது வாய் மூட வேண்டும் என்பதை அங்கேயே கற்கிறான். 2024 செப்டம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திற்கு அண்டை மாகாணமான கொனாக்ட் வந்தது. மன்ஸ்டர் 35, கொனாக்ட் 33. இரண்டே புள்ளிகள், அதாவது ஓர் உதையின் மதிப்பு. கொனாக்ட் வீரர் பந்தை நிறுத்திய போதெல்லாம் தோமண்ட் பார்க்கில் அதே மௌனம்தான்.