டெலிவரி சார்ஜ்தான் கட்டியாச்சே!

"டெலிவரி சார்ஜ் கட்டியாச்சு, பிளாட்ஃபார்ம் ஃபீ கட்டியாச்சு, ஜிஎஸ்டியும் போட்டாச்சு. இதுக்கு மேல டிப்ஸ் வேறயா? சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி." சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது கிளம்பும் பேச்சு இது. கிளம்பியதும் பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நிற்கவில்லை.

சாப்பாட்டு ஆப்பின் பில்லையே எடுத்துக்கொள்வோம். பிளாட்ஃபார்ம் ஃபீ 2023-ல் ஆர்டருக்கு 2 ரூபாயாக நுழைந்தது. 2025-க்குள் 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. அது கம்பெனியின் வருமானம், வண்டி ஓட்டுபவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டெலிவரி கட்டணத்தின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி அரசாங்கத்துக்கு. மிச்சமிருப்பது டெலிவரி சார்ஜ். அதுவும் நாம் கட்டியபடியே அவர் கைக்குப் போவதில்லை. நாம் கட்டுவது ஒரு கணக்கு, அவருக்குக் கிடைப்பது வேறு கணக்கு. சந்தா கட்டியவர்களுக்கு 'ஃப்ரீ டெலிவரி' என்று வருகிறதே, அன்றைக்கு அவர் சும்மாவா வண்டி ஓட்டுகிறார்? அன்றும் அவருக்கு ஒரு கூலி உண்டு. ஆகவே 40 ரூபாய் கட்டிய நாளில் அந்த 40 அவருக்கே போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியடைய இடமில்லை.

"அவங்க டிப்ஸ்லயே நல்லா பார்த்துடுறாங்க" என்பவர்களும் உண்டு. டெலிவரி ஊழியர்கள் செய்த 2025 டிசம்பர் 31 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல் தாமே வெளியிட்ட கணக்கைப் பார்க்கலாம். அந்த ஆண்டில் டிப்ஸ் நீங்கலாக மணிக்குச் சராசரி 102 ரூபாய் வருமானம். பெட்ரோலும் வண்டிச் செலவும் இதில்தான், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டிப்ஸ்? மணிக்கு 2 ரூபாய் 60 காசு. நூறு ஆர்டரில் ஐந்துக்குத்தான் யாராவது டிப்ஸ் கொடுக்கிறார்கள். கம்பெனிக்குச் சாதகமாகப் பேச வந்தவர் சொன்ன எண்களே இவை.

டிப்ஸ் வேண்டாம் என்னும் தரப்பில் கனமான வாதம் ஒன்றுதான்: நாம் கொடுக்கக் கொடுக்கக் கம்பெனி கூலியைக் குறைத்துக்கொள்ளும். இது வெறும் பயமில்லை, அமெரிக்காவில் நடந்தது. டோர்டாஷ் என்ற டெலிவரி நிறுவனம் ஓர் ஆர்டருக்கு இவ்வளவு கூலி உறுதி என்று சொல்லிவிட்டு, வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை அந்தத் தொகைக்குள்ளேயே வரவு வைத்தது. நீங்கள் 3 டாலர் கொடுத்தால் கம்பெனி தன் பங்கில் அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். 2019-ல் விஷயம் வெளியே வந்து நாறியது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துடன் 2025-ல் சுமார் 1.67 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆனால் அங்கே கூலி உயர்ந்தது எப்படி? வாடிக்கையாளர்கள் டிப்ஸை நிறுத்தியதாலா? இல்லை. நியூயார்க் நகரம் சட்டம் போட்டு, 2023 டிசம்பரிலிருந்து மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று கட்டாயமாக்கியது. இங்கே தமிழ்நாட்டில் டெலிவரி ஊழியர்களுக்கு நல வாரியம் வந்திருக்கிறது. அண்ணா நகரில் உட்கார ஏசி ஓய்வறை கட்டியிருக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் இதற்குக் கீழே கூலி போகக்கூடாது என்று எதிலும் இல்லை. அந்தக் கோரிக்கையோடு ஆட்கள் வேலைநிறுத்தம் செய்யும்போது, "கம்பெனிதான் கொடுக்கணும்" என்ற அதே சார் என்ன சொல்கிறார்? பிரியாணி வரவில்லை என்கிறார். என் 20 ரூபாயை நான் பையிலேயே வைத்துக்கொள்வதால் எந்தக் கம்பெனியும் கூலியை உயர்த்தப் போவதில்லை.

"இது வெளிநாட்டுப் பழக்கம்" என்பதற்குச் சிரிப்புதான் வருகிறது. கேஸ் சிலிண்டர் விலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் செலவு அடக்கம். கூடுதலாக ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆனாலும் 30, 50 என்று எடுத்துக் கொடுக்கிறோம், சிலர் முணுமுணுத்துக்கொண்டே. தீபாவளிக்கு வாட்ச்மேனுக்கு, தபால்காரருக்கு. ஓட்டலில் சோம்பு வைத்த தட்டில் மீதிச் சில்லறை. ஏன்? சிலிண்டர்காரர் அடுத்த முறையும் அவரேதான் வருவார், கொடுக்காவிட்டால் தாமதமாகும். சாப்பாடு கொண்டுவரும் பையனை மறுபடி பார்க்கப் போவதில்லை, அவர் கேட்கவும் மாட்டார். கேட்பவருக்குக் கொடுக்கிறோம், கேட்காதவருக்குக் கொள்கை பேசுகிறோம்.

தாமதமாக வந்தார், அதனால் கொடுக்கவில்லை என்பது இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏதாவது ஒரு பிரியாணிக் கடை வாசலில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் பதினைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்து ஆர்டர் நம்பரைக் கத்திக்கொண்டிருப்பார்கள். "அண்ணா, 4417 ஆச்சா?" "ரைஸ் தம்ல இருக்கு, வெயிட் பண்ணு." உள்ளே நாற்காலி காலியாக இருந்தாலும் அவர்கள் உட்காரக் கூடாது. அங்கே போன இருபது நிமிஷம் நம் போனில் 'லேட்' என்று அவர் பெயரில் ஏறுகிறது. பிறகு நம் குடியிருப்பு வாசலில் ரெஜிஸ்டர், ஓடிபி, 'சர்வீஸ் லிஃப்ட்ல போ'.

சரி, எவ்வளவு? பில்லில் 10 சதவீதம் என்பது ஓட்டல் மேஜைக்கான கணக்கு, இங்கே பொருந்தாது. 160 ரூபாய் பொங்கலும் 1,400 ரூபாய் பக்கெட் பிரியாணியும் வருவது அதே சாலையில்தான். தூரத்தையும் ஏறும் படிகளையும் பாருங்கள். என் கணக்கில் சாதாரண நாளுக்கு 20 ரூபாய். மழை, இரவு 11 மணிக்கு மேல், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி, ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் என்றால் 40, 50. திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்துகொண்டு மாதக் கடைசியில் 90 ரூபாய் சாப்பாடு வரவழைக்கும் பையனிடம் இந்தக் கணக்கை யாரும் நீட்ட வேண்டாம். மேலே சொன்னதெல்லாம் வாரம் இரண்டு முறை பக்கெட் வாங்கும் வீடுகளுக்கு.

ஆப்பில் ஆர்டர் போடும்போதே சேர்க்கலாம், வந்த பிறகு கையில் கொடுக்கலாம். எனக்குப் பிந்தையதே பிடிக்கும், கம்பெனிக் கணக்கில் நுழையாது. சில்லறை இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒரு டீக்கே ஜிபே பண்ணுகிற ஊர் இது, அவர் போனிலும் க்யூஆர் இருக்கும்.