மன்னித்துவிடு என்று சொல்ல நீங்கள் யார்?

நம் சர்ச்சுகளில் மிகச் சுலபமாகச் சொல்லப்படும் வார்த்தை "மன்னிச்சுடும்மா". அதைக் காயப்படுத்தியவரிடம் யாரும் சொல்வதில்லை. காயப்பட்டவரிடம்தான் சொல்கிறார்கள். ஜெபம் முடிந்ததும் ஒரு ஆன்ட்டி வந்து தோளைத் தொட்டு, "இயேசுவே மன்னித்தாரே, உன்னால முடியாதா?" என்பார். தவறு செய்த அங்கிள் அந்நேரம் பக்கத்து அறையில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு மன்னிப்பு என்று பெயர் வைக்காதீர்கள். இது வாயை அடைக்கும் வேலை.

எங்கள் காப்பெலிலிருந்து அரை மணி நேர டிரைவில் இருக்கிறது டாலஸ் நகர மையம். 2018 செப்டம்பர் 6 இரவு அங்கே போத்தம் ஜீன் என்ற 26 வயது இளைஞர் தன் அபார்ட்மென்ட்டில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செயின்ட் லூசியா தீவிலிருந்து படிக்க வந்து, அக்கவுன்டன்ட்டாக வேலை பார்த்தவர். சர்ச்சில் முன்னின்று பாடுபவர். டூட்டி முடிந்து வந்த ஆம்பர் கைகர் என்ற பெண் போலீஸ், கீழ் மாடியில் இருந்த தன் வீடு என்று நினைத்து உள்ளே நுழைந்து அவரைச் சுட்டுக் கொன்றார். 2019 அக்டோபர் 1 அன்று ஜூரி அதைக் கொலை என்று சொன்னது. மறுநாள் 10 ஆண்டு சிறைத் தண்டனை. அதன் பிறகு போத்தமின் 18 வயதுத் தம்பி பிராண்ட், சாட்சி இருக்கையிலிருந்து தான் அவரை மன்னிப்பதாகச் சொன்னார். நீதிபதியிடம் அனுமதி கேட்டு அவரைக் கட்டியணைத்தார்.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இதுதான் கிறிஸ்தவ அன்பு" என்று அதை ஷேர் செய்யாத வாட்ஸ்அப் குரூப் இல்லை. ஆனால் அதே நாளில் போத்தமின் அம்மா அலிசன் பேசியதை எத்தனை பேர் ஷேர் செய்தார்கள்? டாலஸ் போலீஸ் துறை தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார். அந்தக் குடும்பம் வழக்கையும் விடவில்லை. 2024 நவம்பரில் ஃபெடரல் ஜூரி ஒன்று கைகர் ஏறத்தாழ 10 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மகன் மன்னித்தார், அம்மா நியாயம் கேட்டார். ஒரே வீடு, ஒரே விசுவாசம். கைகர் சிறைக்குப் போவதைக்கூடத் தான் விரும்பவில்லை என்றார் பிராண்ட். ஆனாலும் தண்டனை தண்டனையாகவே நின்றது. நாம் மகனை மட்டும் ஷேர் செய்துவிட்டு, அம்மாவை வெட்டிவிட்டோம்.

வரிசையையும் கவனியுங்கள். முதலில் உண்மை வெளியே வந்தது. பிறகு தீர்ப்பு, தண்டனை. மன்னிப்பு அதற்கும் பிறகுதான். அதுவும் யாரும் பிராண்டை நெருக்கி வாங்கியதல்ல, அவராகக் கொடுத்தது.

இந்தியாவிலும் இப்படித்தான் நடந்தது. 1999 ஜனவரியில் ஒடிஷாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சின்ன மகன்களும் வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னித்தார், தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். ஆனால் சட்டம் தன் வேலையைச் செய்தது. தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-ல் உறுதி செய்தது. கிளாடிஸின் பெயரைச் சொல்லி உங்களை அடக்கப் பார்ப்பவர்கள் இந்தப் பாதியை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

"பைபிள் அப்படிச் சொல்லவில்லையே, ஏழெழுபது முறை மன்னிக்கச் சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது, நான் மறுக்கவில்லை. அது மத்தேயு 18-ஆம் அதிகாரம். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே பாருங்கள். தவறு செய்தவனிடம் நேரே போய்ச் சொல், கேட்கவில்லையா, சாட்சிகளோடு போ, அப்போதும் கேட்கவில்லையா, சபைக்குத் தெரிவி என்று இருக்கிறது. சகேயு இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்றபோது வெறும் சாரி சொல்லவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். உங்கள் கத்தோலிக்கப் பாட்டிகள் பாவசங்கீர்த்தனம் என்று சொன்னதிலும் மூன்று இருந்தன: மனஸ்தாபப்படுவது, பாவத்தைச் சொல்வது, பரிகாரம் செய்வது. திருடியவர் குருவிடம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். இன்று அதற்கு ஒப்புரவு அருட்சாதனம் என்று பெயர். அடிபட்டவரைத் தனியே தள்ளிவிட்டு யாரோடு ஒப்புரவு?

என் வேலையில் பக்கைச் சரிசெய்யாமல் டிக்கெட்டை மூடுவார்கள். ரிப்போர்ட் பச்சையாகத் தெரியும், சிஸ்டம் மறுபடி விழும். நம் சபைகள் அப்படித்தான் டிக்கெட் மூடுகின்றன. 2019 ஜனவரி 31 அன்று டாலஸ் கத்தோலிக்க மறைமாவட்டம், சிறார்களிடம் பாலியல் குற்றம் செய்ததாக நம்பத்தகுந்த புகார் உள்ள 31 குருக்களின் பெயர்களை வெளியிட்டது. 1950 முதலான பட்டியல் அது. அதில் மூடிக் கிடந்த வருடங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். யாராவது "மன்னிச்சுடு" என்று நெருக்கினால் மூன்று கேள்வி கேளுங்கள். செய்தவர் செய்ததை ஒப்புக்கொண்டாரா? சரிசெய்ய என்ன செய்தார்? இனி அடுத்தவருக்கு நடக்காமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்? பதில் இல்லையென்றால் எழுந்து போய்விடுங்கள். குழந்தை ஒன்று துன்புறுத்தப்படுவது தெரிந்தால், ஜெபக் கூட்டத்தோடு நிறுத்தாதீர்கள். டெக்சஸ் சட்டப்படி எல்லாரும் அதைப் புகார் செய்தே ஆக வேண்டும், போதகருக்கும் குருவுக்கும்கூட விலக்கு இல்லை.

மன்னிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிராண்ட் செய்தது பெரிய காரியம். அது பெரிதாக இருந்ததற்குக் காரணமே, யாரும் அவரிடம் அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதுதான். உங்கள் மன்னிப்பும் உங்களுடையது. எப்போது கொடுப்பது என்பதை நீங்களும் கடவுளும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் ஆன்ட்டிக்கு வேலை இல்லை. அவர் போய்ப் பேச வேண்டிய ஆள் பக்கத்து அறையில் இருக்கிறார்.